கனரகச் சரக்குந்துகளுக்கான அதிர்வுத் தணிப்பிகளைத் தெரிவு செய்தல்: தமிழகச் சரக்குந்துத் தொழிலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கனரகச் சரக்குந்துகளில் பழுதுற்ற ஷாக் அப்சார்பரை மாற்றும்போது அதன் நீளமும் இருமுனைக் கண்களின் அளவும் பொருந்துகின்றனவா என்பது மட்டுமே பெரும்பாலும் பார்க்கப்படுகிறது. ஓர் அதிர்வுத் தணிப்பியின் தகுதியை உறுதி செய்பவை வேறு சில கூறுகள் ஆகும். வண்டி ஏந்தும் நிறை, வெற்று நிலைக்கும் நிறைசுமை நிலைக்கும் உள்ள வேறுபாடு, வில்லின் வகை, தணிப்பி சாய்ந்து நிற்கும் கோணம், வெப்பத்தை வெளியேற்றும் திறன் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. இவை ஒவ்வொன்றும் தெரிவை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை எளிய கணக்குகளின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது. நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரச் சரக்குந்துகளின் பயன்பாட்டு முறை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அதிர்வுத் தணிப்பி, பட்டைவில், காற்றுவில், தணிப்பு விகிதம், அச்சுச் சுமை, சரக்குந்து.

முன்னுரை

தமிழகத்தின் சரக்குப் போக்குவரத்தில் மேற்கு மாவட்டங்களுக்குத் தனியிடம் உண்டு. நாமக்கல் வட்டாரம் லாரிகளுக்கும் சமையல் எரிவாயு டேங்கர்களுக்கும் கூண்டு கட்டும் பட்டறைகளுக்கும் பெயர்பெற்றது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளால் இந்தியா முழுவதும் அறியப்பட்டது. இவ்வண்டிகளுள் பல, ஆலையிலிருந்து வெறும் சட்டகமாகவே வெளிவருகின்றன. அதன்மேல் கூண்டோ தொட்டியோ ரிக் இயந்திரமோ ஏற்றப்படுவது வேறிடத்தில், வேறு கைகளால் நிகழ்கிறது. ஆதலால் சட்டகத்தை வடிவமைத்தவர் கருதிய எடைப் பகிர்வும், சாலையில் ஓடும் வண்டியின் எடைப் பகிர்வும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. வண்டி பழையதாகி உறுப்புகள் ஒவ்வொன்றாக மாற்றப்படும்போது இந்த இடைவெளி மேலும் விரிகிறது.

இச்சூழலில், ‘எந்தத் தணிப்பியை வாங்குவது?’ என்னும் வினா விலையை மட்டும் பொறுத்ததன்று. தேய்ந்த டயர், விரிசல் விட்ட சட்டகம், நீண்டுவிடும் பிரேக் தூரம், ஓட்டுநரின் முதுகுவலி, குழி விழும் சாலை ஆகிய அனைத்தும் இதனோடு தொடர்புடையவை. இவ்வினாவுக்கு முறைப்படி விடை காணும் வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பணியும்

ஷாக் அப்சார்பர் என்னும் பெயரும், அதன் நேர்ப் பெயர்ப்பான அதிர்ச்சி உறிஞ்சி என்னும் சொல்லும் ஒரு மயக்கத்தைத் தருகின்றன. சாலையின் மேடு பள்ளம் தரும் அடியை முதலில் வாங்கிக்கொள்வது டயரும் வில்லுமே ஆகும். வண்டியின் எடையைத் தாங்குவதும் வில்லே. வில் வாங்கிய ஆற்றல் அதனுள்ளேயே தங்கியிருந்து, வண்டியை மேலும் கீழுமாக ஆட்டுவிக்கிறது. அந்த ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றி வெளியேற்றுவது மட்டுமே ஷாக் அப்சார்பரின் பணி. ஆகவே இக்கட்டுரை அதனை அதிர்வுத் தணிப்பி என்றும், சுருக்கமாகத் தணிப்பி என்றும் குறிக்கிறது.

இது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் செய்தியன்று. கூடுதல் சுமை ஏற்றும் வண்டிக்குக் ‘கடினமான’ தணிப்பியைப் பூட்டினால் அது சுமையைத் தாங்கும் என்னும் நம்பிக்கை இப்பெயர் மயக்கத்தின் விளைவே. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் சாதாரண நீர்ம வகைத் தணிப்பி ஏறத்தாழ எந்த எடையையும் தாங்குவதில்லை. பிஸ்டன் நகரும்போதுதான் எண்ணெய் வால்வுகளின் வழியே நெருக்கப்பட்டுத் தடைவிசை தோன்றுகிறது. நகர்வின் வேகம் கூடும்போது விசையும் கூடுகிறது. வண்டியின் பின்புறம் அமிழ்ந்து நிற்குமானால் பார்க்க வேண்டியது வில்லையும் ஏற்றப்பட்ட சுமையையும் ஆகும்.

அலைவு அடங்கும் தூரம்

வில்லின்மீது நிற்கும் நிறையை ஒருமுறை அழுத்தி விட்டால் அது தனக்கே உரிய அதிர்வெண்ணில் அலையும். சுமையின்கீழ் வில் எவ்வளவு அமிழ்கிறதோ அதைக் கொண்டே இவ்வதிர்வெண்ணை மதிப்பிடலாம். அமிழ்வைச் சென்டிமீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 5 ஐ வகுத்தால் ஏறத்தாழ ஹெர்ட்ஸ் அளவு கிடைக்கும். 10 சென்டிமீட்டர் அமிழும் வில்லுக்கு அது 1.6 ஹெர்ட்ஸ், 6 சென்டிமீட்டர் அமிழும் கடினமான வில்லுக்கு 2 ஹெர்ட்ஸ்.

இந்த அலைவு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதைத் தணிப்பு விகிதம் காட்டுகிறது. அலைவே இல்லாமல் நிறையை இருந்த இடத்திற்கு மீட்கும் அளவுக்கு மாறுநிலைத் தணிப்பு என்று பெயர். வண்டியில் உள்ள தணிப்பு அதில் எத்தனை விழுக்காடு என்பதே தணிப்பு விகிதம். இவ்விகிதம் 20 விழுக்காடாக இருந்தால் ஒவ்வோர் அலைவிலும் வீச்சு முந்தையதன் 28 விழுக்காடாகக் குறையும். 10 சென்டிமீட்டர் வீச்சு, மூன்று அலைவுகளில் 2 மில்லிமீட்டராகிவிடும். விகிதம் 5 விழுக்காடானால் ஒவ்வோர் அலைவிலும் 73 விழுக்காடு எஞ்சும். மூன்று அலைவுகளுக்குப் பின்னும் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் வீச்சு இருக்கும்.

இதைச் சாலையின் நீளத்தில் கண்டால் வேறுபாடு தெளிவாகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, 2 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மூன்று அலைவுகளை முடிப்பதற்குள் 25 மீட்டர் கடக்கிறது. நல்ல தணிப்புள்ள வண்டி ஒரு குழியின் விளைவிலிருந்து அத்தொலைவில் விடுபட்டுவிடும். தணிப்பு 5 விழுக்காடாகத் தளர்ந்த வண்டி அதே நிலையை அடைய 100 மீட்டருக்கும் மேல் ஓட வேண்டும். அந்தத் தொலைவு முழுவதும் அதன் சக்கரங்கள் தரையை ஒருமுறை கூடுதலாகவும் மறுமுறை குறைவாகவும் அழுத்திக்கொண்டே செல்கின்றன. அழுத்தம் குறையும் கணத்தில் பிரேக் பிடித்தால் டயருக்குத் தரையின் பிடி குறைவாகவே இருக்கும்.

வேகத்தடைகளும் இதில் பங்கு பெறுகின்றன. இந்தியச் சாலைப் பேரவையின் 1988 ஆம் ஆண்டு நெறிமுறை பரிந்துரைத்த வட்டவில் வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது; மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்குரியது. அவ்வேகத்தில் ஓர் அச்சு அதனைக் கடக்க 0.53 விநாடி ஆகும். 2 ஹெர்ட்ஸ் வில்லின் ஓர் அலைவுக்கான காலம் 0.5 விநாடி. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக அமைவதால், முறைப்படி கட்டப்பட்ட வேகத்தடையை முறையான வேகத்தில் கடந்தாலும் சுமை வண்டியின் உடல் நன்கு அலையத் தொடங்கிவிடும். தடையைக் கடந்தபின் அந்த அலைவை அடக்கும் பொறுப்பு தணிப்பியுடையது.

சாலைக்கு நேரும் சேதம்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா நகருக்கு அருகில் 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ சாலைச் சோதனையிலிருந்து நான்காம் அடுக்கு விதி உருவானது. அச்சுச் சுமை கூடும்போது சாலைக்கு நேரும் சேதம் அச்சுமையின் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்பது அதன் சாரம். தோராயமான விதியே எனினும் சாலைப் பொறியியலில் பரவலாகக் கையாளப்படுகிறது. இதன்படி 20 விழுக்காடு கூடுதல் சுமை, சேதத்தை இரு மடங்குக்கும் மேலாக்கும்.

இந்தியாவில் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான சட்டபூர்வ உச்ச வரம்பு 2018 ஆம் ஆண்டில் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. இது நின்ற நிலையில் அளக்கப்படும் எடை. ஓடும் வண்டியின் அச்சு இவ்வெண்ணைச் சுற்றி ஏறியும் இறங்கியும் சாலையை அழுத்துகிறது. அவ்வேற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் நிலைச் சுமையில் 10 விழுக்காடாக இருந்தால் சராசரிச் சேதம் நான்காம் அடுக்கு விதியின்படி 6 விழுக்காடு கூடும். 20 விழுக்காடாக இருந்தால் 24 விழுக்காடு கூடும். எடைமேடையில் குறையேதும் காட்டாத வண்டியும் தணிப்பி செத்துவிட்டால் சாலைக்குக் கூடுதல் சுமை ஏற்றிய வண்டியாகவே நடந்துகொள்கிறது.

இப்புரிதல் ஐரோப்பாவில் சட்டத்தில் இடம்பெற்றது. 1992 ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டு நெறி ஒன்று, காற்றுவில்லுக்கு நிகரான தொங்கலமைப்புக்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தது. பின்னர் 1996 ஆம் ஆண்டின் நெறியிலும் இவை இடம்பெற்றன. அலைவின் அதிர்வெண் 2 ஹெர்ட்சுக்கு மேற்படக் கூடாது. தணிப்பு விகிதம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். நீர்மத் தணிப்பிகளைக் கழற்றிவிட்டு அளக்கும்போது எஞ்சும் தணிப்பு, முழுத் தணிப்பில் பாதிக்கு மேற்படக் கூடாது. மூன்றாவது நிபந்தனை ஆழ்ந்த நோக்குடையது. தகடுகளின் உராய்வையே நம்பித் தணிப்பைப் பெறும் அமைப்புகளை அது விலக்குகிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு நடத்திய டிவைன் என்னும் ஆய்வுத்திட்டம் 1998 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையும், காற்றுவில்லின் சாலை நன்மை தணிப்பிகள் நல்ல நிலையில் இருப்பதைச் சார்ந்தது என்பதை வலியுறுத்தியது.

வில்லின் வகையும் தணிப்பியின் தேவையும்

தணிப்பியைத் தெரிவு செய்யுமுன் வண்டியின் வில் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அறிதல் வேண்டும். கனரக வண்டிகளில் மூவகை வில்கள் வழக்கில் உள்ளன.

முதலாவது, பல தகடுகளை அடுக்கிய பட்டைவில். இதில் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து ஓரளவு தணிப்பைத் தாமே தருகின்றன. இந்தியச் சாலைகளில் ஓடும் பல சுமை வண்டிகளின் பின் அச்சில் தணிப்பியே இல்லாமல், முன் அச்சில் மட்டும் அது இருப்பதற்கு இவ்வுராய்வே காரணம். ஆனால் உராய்வுத் தணிப்புக்கு இரு குறைகள் உண்டு. சிறிய அதிர்வுகளில் தகடுகள் நழுவாமல் ஒட்டிக்கொள்வதால் வில் இறுகிவிடுகிறது. அப்போது வண்டி டயரின்மீது மட்டுமே குதிக்கிறது. மேலும் துரு, மண், கிரீஸ், தேய்மானம் ஆகியவற்றுக்கேற்ப உராய்வு மாறிக்கொண்டே இருப்பதால் அதன் அளவை யாரும் தெரிவு செய்ய இயலாது.

இரண்டாவது, பரவளைய வில். நடுவில் தடித்தும் முனைகளில் மெலிந்தும் இருக்கும் சில தகடுகளே இதில் உள்ளன. அவை நடுவிலும் முனையிலும் மட்டுமே தொடுவதால் உராய்வு மிகக் குறைவு. எடையும் குறைவு, பயணமும் மென்மையானது. ஆயினும் உராய்வு விட்டுச்சென்ற பணி முழுவதும் தணிப்பியின்மேல் விழுகிறது. பட்டைவில்லை நீக்கிப் பரவளைய வில்லைப் பூட்டும் ஒருவர் பழைய தணிப்பியையே விட்டுவைப்பது முறையன்று.

மூன்றாவது, காற்றுவில். ரப்பர்ப் பையில் அடைபட்ட காற்று சுமையைத் தாங்குகிறது. சுமை கூடக்கூட மட்டச்சீர் வால்வு காற்றழுத்தத்தைக் கூட்டி, வண்டியின் உயரத்தை மாறாமல் வைக்கிறது. காற்றுவில்லுக்குத் தானாகத் தணிக்கும் திறன் மிகவும் குறைவு. எனவே இவ்வமைப்பில் தணிப்பி இன்றியமையாத உறுப்பாகும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

பின் அச்சுச் சுமை 11.5 டன் உள்ள ஈரச்சுச் சரக்குந்தைக் கொள்வோம். அச்சு, சக்கரங்கள் முதலிய வில்லுக்குக் கீழுள்ள நிறை 1.2 டன் எனக் கொண்டால் வில்லின்மேல் நிற்பது 10.3 டன். வெற்று வண்டியில் அது 2 டன் எனக் கொள்ளலாம். நிறைசுமையில் அதிர்வெண் 2 ஹெர்ட்ஸ் என்றால் மாறுநிலைத் தணிப்பு ஏறத்தாழ 2.59 இலட்சம் நியூட்டன்-விநாடி/மீட்டர். இதில் 20 விழுக்காடு 52,000. இதில் பாதியை உராய்வு தருவதாகத் தோராயமாகக் கொண்டால், நிமிர்ந்து நிற்கும் இரு தணிப்பிகள் ஒவ்வொன்றும் 13,000 தர வேண்டும்.

இவ்வெண்ணைத் தணிப்பியின் அட்டவணையோடு ஒப்பிட வழி உண்டு. சோதனைப் பொறியில் 100 மில்லிமீட்டர் வீச்சில் நிமிடத்திற்கு 100 சுற்று இயக்கினால் பிஸ்டனின் உச்ச வேகம் விநாடிக்கு 0.52 மீட்டர். தணிப்பிகளின் விசை பல இடங்களில் இவ்வேகத்திலேயே குறிக்கப்படுகிறது. 13,000 என்னும் அளவு அவ்வேகத்தில் சராசரி 6,800 நியூட்டன் விசையாகும். நீட்சி வீச்சில் மூன்று பங்கும் அமுக்க வீச்சில் ஒரு பங்குமாகப் பிரித்தால், நீட்சியில் ஏறத்தாழ 10,000 நியூட்டனும் அமுக்கத்தில் 3,400 நியூட்டனும் தேவை. அமுக்கத்தில் விசை மிகுந்தால் சாலையின் அடி நேரே சட்டகத்தைச் சென்றடையும். அதனால்தான் அங்குக் குறைவாக வைக்கப்படுகிறது. நீட்சி விசை அளவுக்கு மீறினாலும் கேடுண்டு. அடுத்தடுத்து வரும் மேடுகளில் வில் மீண்டெழ நேரமின்றிப் படிப்படியாகத் தாழ்ந்து, இறுதியில் ரப்பர்த் தடுப்பில் மோதும்.

இனி அதே வண்டி சுமையை இறக்கிவிட்டுத் திரும்புவதைப் பார்ப்போம். வில்லின் கடினம் மாறாதிருக்க நிறை மட்டும் 2 டன்னாகக் குறைகிறது. மாறுநிலைத் தணிப்பு 1.14 இலட்சமாகச் சுருங்குகிறது. அதே 52,000 இப்போது 45 விழுக்காடாகிறது. துணைவில்லின் விளைவு இதில் சேர்க்கப்படவில்லை எனினும், போக்கு தெளிவு. நிறைசுமைக்குப் பொருந்திய தணிப்பி வெற்று வண்டிக்கு இறுக்கமானது. வெற்று வண்டிக்கு இதமான தணிப்பி நிறைசுமைக்குப் போதாதது.

காற்றுவில்லில் இம்முரண் இன்னும் கூர்மை பெறுகிறது. அங்குச் சுமைக்கேற்பக் கடினமும் மாறுவதால் அதிர்வெண் ஏறத்தாழ நிலையாக இருக்கிறது. 1.5 ஹெர்ட்ஸ் எனக் கொண்டால் நிறைசுமையில் 20 விழுக்காட்டுக்குத் தேவை 38,800. வெற்று நிலையில் மாறுநிலைத் தணிப்பே 37,700 தான். அதாவது நிறைசுமைக்காகத் தெரிவு செய்த தணிப்பி, வெற்று வண்டியில் மாறுநிலையையே கடந்துவிடுகிறது. காற்றுவில்லின் அழுத்தத்தைக் கொண்டே தன் வால்வை மாற்றிக்கொள்ளும் தணிப்பிகள் உருவாக்கப்பட்டதன் தேவை இதுவே. அவ்வகை கிடைக்காதபோது, வண்டி தன் ஓட்டத்தில் எத்தனை பங்கைச் சுமையோடு ஓடுகிறது என்பதை அறிந்து இடைப்பட்ட ஒன்றைத் தெரிவு செய்தல் வேண்டும்.

இங்கு வட்டார எடுத்துக்காட்டு பயன்படும். ரிக் வண்டி தன் இயந்திரத்தை எப்போதும் சுமந்தே செல்கிறது. அதன் நிறை பெரிதும் மாறுவதில்லை. ஆகவே அந்த ஒரே நிறைக்குத் துல்லியமாகத் தணிப்பியைப் பொருத்தலாம். எரிவாயு டேங்கரோ நிறைந்து சென்று வெறுமையாகத் திரும்புவது. அதன் ஓட்டத்தில் பாதி வெற்று ஓட்டமாகவே கழியும். ஒரே சட்டகம், ஒரே அச்சு, ஒரே வில் என்றாலும் இவ்விரு வண்டிகளுக்கும் ஒரே தணிப்பி பொருந்தும் என்று சொல்வதற்கில்லை.

குழாயும் எண்ணெயும்

கட்டமைப்பில் தணிப்பிகள் இருவகைப்படும். இரட்டைக் குழாய் வகையில் பிஸ்டன் இயங்கும் உட்குழாயைச் சுற்றி எண்ணெய் சேமிக்கும் வெளிக்குழாய் உள்ளது. ஒற்றைக் குழாய் வகையில் மிதக்கும் பிஸ்டன் ஒன்று எண்ணெயையும் உயரழுத்த நைட்ரஜனையும் பிரிக்கிறது. ஒற்றைக் குழாயில் எண்ணெய் நேரே வெளிச்சுவரைத் தொடுவதால் வெப்பம் விரைவில் வெளியேறும்; எண்ணெயில் நுரை எழாது; தலைகீழாகவும் பொருத்தலாம். ஆனால் கல்லடி பட்டுக் குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாயில் வெளிச்சுவர் சற்று நசுங்கினாலும் உட்குழாய் தப்பிவிடும். கல்குவாரியிலும் மண்சாலையிலும் உழைக்கும் டிப்பருக்கு இரண்டாவதும், நெடுஞ்சாலையில் நீண்ட ஓட்டம் ஓடும் வண்டிக்கு முதலாவதும் சிறப்புடையன. இரட்டைக் குழாய் வகையைப் பெரிதும் சாய்த்தோ தலைகீழாகவோ பொருத்தலாகாது.

வெப்பத்தின் அளவையும் கணக்கிடலாம். 13,000 அளவுள்ள தணிப்பியின் பிஸ்டன், மோசமான சாலையில் விநாடிக்குச் சராசரியாக 0.2 மீட்டர் வேகத்தில் இயங்கினால் 520 வாட் வெப்பம் உண்டாகும். எண்ணெய் சூடேறினால் இளகும். இளகினால் தடைவிசை குறையும்.

குழாயின் விட்டமும் கருதத்தக்கது. நீட்சியில் 10,000 நியூட்டன் தர, 45 மில்லிமீட்டர் பிஸ்டனும் 20 மில்லிமீட்டர் தண்டும் உள்ள தணிப்பியில் 78 பார் அழுத்தம் வேண்டும். பிஸ்டன் 55 மில்லிமீட்டரானால் 49 பார் போதும். அழுத்தம் குறைந்தால் ஆயில் சீலும் வால்வும் நெடுநாள் உழைக்கும். ‘ஹெவி டியூட்டி’ என்னும் முத்திரையைவிட இவ்விட்டமே நம்பத்தக்க சான்று.

பொருத்தும் இடமும் கோணமும்

தணிப்பி செங்குத்தாக நிற்காமல் சாயும்போது அதன் பயன் இருவகையில் குறைகிறது. பிஸ்டனின் வேகமும் குறைகிறது. விசையின் செங்குத்துக் கூறும் குறைகிறது. 30 பாகை சாய்ந்தால் பயன் முக்கால் பங்காகும். 45 பாகையில் பாதியாகும். கூண்டு கட்டும்போது இடம் போதாமல் மேற்பிடியை நகர்த்தினால், மேற்சொன்ன எடுத்துக்காட்டில் 13,000 க்குப் பதிலாக 17,300 அளவுள்ள தணிப்பி தேவைப்படும்.

இடப்புறத் தணிப்பிக்கும் வலப்புறத் தணிப்பிக்கும் இடையிலுள்ள தொலைவு பக்கவாட்டு ஆட்டத்தை அடக்குகிறது. இத்திறன் தொலைவின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100 சென்டிமீட்டர் இடைவெளி 80 ஆகச் சுருங்கினால் எஞ்சுவது 64 விழுக்காடு மட்டுமே. டேங்கருக்கு இது உயிர்நிலையான செய்தி. எரிவாயுத் தொட்டி விரிவுக்கு இடம்விட்டே நிரப்பப்படுவதால் உள்ளிருக்கும் நீர்மம் வளைவுகளில் தளும்பும்; வண்டியின் ஆட்டமும் தளும்பலும் ஒன்றையொன்று தூண்டக்கூடும்.

நீளத்தைப் பொறுத்தவரை இரு எல்லைகள் சரிபார்க்கப்பட வேண்டும். வில் முழுதும் அமுங்கும்போது தணிப்பி அடிதட்டுவதற்கு முன்பே ரப்பர்த் தடுப்பு அச்சை நிறுத்த வேண்டும். அச்சு முழுதும் தொங்கும்போது தணிப்பி தன் எல்லைக்கு அப்பால் இழுபடக் கூடாது. காற்றுவில் அமைப்புகள் பலவற்றில் மேல்நோக்கிய விரிவைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பும் தணிப்பிக்கே தரப்பட்டுள்ளது. அங்கு நீளம் கூடிய ஒன்றைப் பூட்டினால் காற்றுப்பை தன் இருக்கையிலிருந்து பிடுங்கப்படும்.

ஓட்டுநரின் உடல்

செங்குத்து அதிர்வுகளில் ஏறத்தாழ 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையுள்ளவை மனித உடலை மிகுதியும் தாக்குகின்றன. உடல் முழுவதும் ஏற்கும் அதிர்வுக்கு, எட்டு மணி நேரப் பணிநாளின் கணக்கில், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002 ஆம் ஆண்டு நெறி விநாடி வர்க்கத்திற்கு 0.5 மீட்டரை நடவடிக்கை எல்லையாகவும் 1.15 மீட்டரைக் கடக்கக்கூடாத எல்லையாகவும் வகுத்துள்ளது. அச்சுத் தணிப்பி, அறைத் தணிப்பி, இருக்கைத் தணிப்பி ஆகிய மூன்றும் சேர்ந்தே ஓட்டுநரைக் காக்கின்றன. அறையைத் தாங்கும் சிறு தணிப்பிகள் பழுதானாலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். எனவே அவை கவனிப்பாரற்றுப் போவது எளிது. விலை குறைந்த இவ்வுறுப்பைக் காலத்தில் மாற்றாததன் விலையை ஓட்டுநரின் முதுகெலும்பே செலுத்துகிறது.

பழுதறிதல்

காரின் மூலையை அழுத்திப் பார்க்கும் சோதனை பல டன் எடையுள்ள வண்டிக்குப் பயன்படாது. எளிய வழி வெப்பமே. ஒரே அச்சின் இரு தணிப்பிகளையும், வண்டி கரடுமுரடான சாலையில் ஓடி நின்றவுடன், வெப்பமானியால் ஒப்பிட வேண்டும். உழைக்கும் தணிப்பி சட்டகத்தைவிடச் சூடாக இருக்கும். குளிர்ந்திருப்பது உழைப்பதை நிறுத்திவிட்டது. கையால் தொட நேர்ந்தால் சுட்டுவிடாதபடி எச்சரிக்கை வேண்டும். குழாயின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படிவு இயல்பானது. எண்ணெய் வழிந்தோடினால் மாற்ற வேண்டும். டயரின் சுற்றளவில் விட்டுவிட்டுக் கிண்ணம் போன்ற தேய்மானம் தோன்றுவதும், முனைப் புஷ்கள் நசுங்குவதும் பிற அறிகுறிகள். ஓர் அச்சின் இரு தணிப்பிகளையும் சேர்த்தே மாற்றுதல் முறையாகும்.

தெரிவு செய்யும் வரிசை

மேற்கண்டவற்றைத் தொகுத்தால் தெரிவுக்குரிய வரிசை பின்வருமாறு அமைகிறது.

1. வண்டியின் அச்சுச் சுமையை நிறைசுமையிலும் வெற்று நிலையிலும் எடைமேடையில் அறிதல்.
2. வில் அடுக்குப்பட்டையா, பரவளையமா, காற்றா என உறுதி செய்தல்.
3. தேவையான தணிப்பைக் கணக்கிட்டு, சாய்கோணத்துக்கு ஏற்பத் திருத்துதல்.
4. நீட்சி விசையையும் அமுக்க விசையையும் தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிடுதல்.
5. ஓடும் சாலைக்கேற்பக் குழாய் வகையையும் விட்டத்தையும் முடிவு செய்தல்.
6. இறுதியாக நீளத்தையும் கண்களின் அளவையும் சரிபார்த்தல்.

இன்று நடைமுறையில் ஆறாவது படியே முதற்படியாகவும் ஒரே படியாகவும் இருந்துவிடுகிறது. சட்டகமும் கூண்டும் வில்லும் ஆலை தந்தபடியே இருக்கும் வண்டிக்கு ஆலை குறித்த தணிப்பியையே வாங்கினால் ஏனைய படிகள் தாமே நிறைவேறிவிடும். அவற்றுள் ஒன்று மாறியிருந்தாலும் முதற்படியிலிருந்து தொடங்குவதே முறை.

முடிவுரை

அதிர்வுத் தணிப்பி சுமை தாங்கும் உறுப்பன்று. ஆற்றலை வெளியேற்றும் உறுப்பு. ஆகவே கடினமானதே சிறந்தது என்னும் கருத்து பொருந்தாது. வண்டியின் நிறைக்கும் வில்லின் தன்மைக்கும் இசைந்ததே சிறந்தது. நிறைசுமைக்கும் வெற்று நிலைக்கும் இடையிலான முரணை எந்த ஒற்றை அளவும் முழுதாகத் தீர்ப்பதில்லை என்பதையும், காற்றுவில்லில் அம்முரண் மிகுகிறது என்பதையும் கணக்குகள் காட்டின. பரவளைய வில்லும் காற்றுவில்லும் பரவும்போது உராய்வின் துணை மறைந்து, தணிப்பியின் பொறுப்பு வளர்கிறது.

கூண்டு கட்டும் பட்டறையில் மேற்பிடியைச் சில விரற்கடை நகர்த்துவதும், உதிரிபாகக் கடையில் நீளம் மட்டும் பார்த்து வாங்குவதும் அந்நேரத்தில் சிறு முடிவுகளாகத் தோன்றுபவை. அவற்றின் விளைவை நெடுந்தொலைவுக்குச் சுமப்பவர்கள் ஓட்டுநரும், அவ்வண்டிக்கு முன்னும் பின்னும் செல்வோருமே. விசை அளவும் குழாய் விட்டமும் தமிழில் தெளிவாக அச்சிடப்பட்ட அட்டவணை ஒன்று ஒவ்வொரு பட்டறைச் சுவரிலும் தொங்குமானால், இம்முடிவுகளை அளந்து எடுக்க அது பெரிதும் துணைபுரியும்.